கீறல் இல்லாத ஹெல்மெட்

திருக்கனூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஹெல்மெட். பைக் பயிற்சி வகுப்பிலிருந்து திரும்புகிறாளாம்.

"வண்டின்னாலே பயந்து சாவியேடி?" என்றாள் மற்றவள்.

"இன்னா பண்றது? கம்பெனி ஷிப்டு நேரத்துக்கு பஸ்ஸு இல்ல. அவரு இருந்தவரைக்கும் கொண்டாந்து வுட்டாரு."

"கிளாஸ்ல இன்னா சொன்னாங்க?"

"மொதல்ல ஹெல்மெட்டுதான். மாஸ்டரு இத திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'ஒரு கீறல் இல்ல, புதுசாம்மா?'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க வூட்டுக்காரரோடது சார்னேன். மதகடிப்பட்டுல போலீஸ் நிக்கும்னு அங்க போனா மட்டும் எடுத்துக்குவாரு. அன்னிக்கு கயனிக்கு தண்ணி பாய்ச்சத்தான போறோம்னு ஆணியிலயே வுட்டுட்டுப் போனாரு."