திரைச்சீலையில் ஒரு சிவப்புக் கிளிப்

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், அடுத்தவ மூஞ்சியக் களவாண்டு தன் கடைக்குப் போர்டு மாட்டுறவன் எல்லாம் சோறுதான் திங்கிறானா? நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி, பொதுவாச் சொன்னேன். கதவத் தொறந்து விட்டாளே, அவ குளிக்கப் போயிருக்கா. வந்துடுவா. நானும் இதே தொழில்தான், அவளுக்கு அக்கா மாதிரி. டீ ஆறுது, குடிங்க.

என்ன கேட்டீங்க, நெட்டு வந்தது எங்களுக்கு நல்லதா கெட்டதாவா? வந்த புதுசுல கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கு முன்னாடி எல்லாம் தரகருதான். வர்றவன் குடிச்சிருக்கானா, கை நீட்டுவானா, கதவத் தொறந்தப்புறம்தான் தெரியும். ஒரு போனு வாங்கினேன் பாருங்க, அன்னிக்கே அந்தத் தரகருக்கு ஒரு பெரிய கும்பிடு. விளம்பரம் நானே எழுதினேன். பேசிப் பாத்துப் பிடிக்கலன்னா, வராதேன்னு சொல்லிடலாம். வராதேன்னு சொல்ற ருசி இருக்கே, அது தனி.

இப்ப? ஒரு தரகர் போயி ஊர்ப்பட்ட தரகர். சைட்டுக்காரனுக்குக் காசு அழலேன்னா நம்ம விளம்பரம் அடியில போயிடும். வந்துட்டுப் போறவன் ஸ்டார் போடுறான். ஒருத்தன் எழுதுறான், ரூம்ல ஃபேன் சத்தம், அதனால ஒரு ஸ்டார் கம்மியாம். ஏன்டா, ஃபேனப் பாக்கவா வந்தே?

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். இந்தப் போலி விளம்பரத்தத்தான் தாங்க முடியல. எவ போட்டோவையாவது போட்டு, அட்வான்ஸ வாங்கிக்கிட்டுக் கம்பி நீட்டிடுறானுங்க. அதனால வர்றவன் எல்லாம், நீ நிஜ ஆள்தானா, இப்பவே ஒரு போட்டோ அனுப்புங்கிறான். நான் மூஞ்சி தெரியாமத்தான் அனுப்புவேன். ஒருத்தன் மட்டும் விடாமக் கெஞ்சினான். ஏற்கனவே ஏமாந்துட்டேன்க்கா, பயமா இருக்குக்கான்னு ஒரே அழுகை. பாவமேன்னு மூஞ்சியோட அனுப்பினேன். ஆள் வரவே இல்ல. மறுவாரம் பாத்தா என் மூஞ்சி, வேற பேரு, வேற நம்பரு, பாதி ரேட்டு. ஏமாந்தவன் எல்லாம் என்னத்தான் காறித் துப்புறான்.

அத எங்க அத்தான் பாத்துட்டாரு. அக்கா வீட்டுக்காரரு. அந்த சைட்டுல அவருக்கு என்ன வேலைன்னு அக்கா கேக்கல பாருங்க! என்னத்தான் வாசலோட நிறுத்தினா. அம்மா அங்கதான் இருக்கு. கீழ விழுந்ததுலேர்ந்து கையத் தூக்க முடியாது. ஞாயித்துக்கிழமையானா நான் போயித்தான் தலைக்கு ஊத்தி, சிக்கெடுத்து விடுவேன். இப்ப கதவு தொறக்குறதில்ல. சின்னவ வரலையான்னு அம்மா கேக்குது. வெளியூர் போயிட்டான்னு அக்கா சொல்றா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

போலீஸா? நல்லா சொன்னீங்க. அவன விட்டுட்டு என்ன விசாரிப்பாங்க. சைட்டுக்காரனுக்கு எழுதினா, அது உன் மூஞ்சிதான்னு அடையாள அட்டையோட நிரூபிங்கிறான்.

ஆளக் கண்டுபிடிக்க முடியாதுன்னா சொல்றீங்க? போட்டோ அனுப்புறப்ப ஆளாளுக்குப் பின்னாடி ஒண்ண மாத்தி வைப்பேன். ஒருத்தனுக்கு ஜன்னல்ல சீப்பு, ஒருத்தனுக்குக் கட்டில்ல குடை. எது வெளிய வந்தாலும் எந்த நம்பருக்குப் போனதுன்னு தெரிஞ்சிடும். இந்தப் போட்டோவுல திரைச்சீலையில ஒரு சிவப்புக் கிளிப்பு, துணி காயப்போடுற கிளிப்பு. அந்த நம்பர எங்க பொண்ணுங்க குரூப்புல போட்டு வச்சேன், இவன் கூப்பிட்டா சொல்லுங்கடின்னு. ஏமாத்துறதுக்கு வேற வேற நம்பரு வச்சிருக்கான். ஆனா ஆசைப்பட்டுக் கூப்பிடுறது மட்டும் அதே பழைய நம்பருலதான்.

நேத்து இவளக் கூப்பிட்டிருக்கான்.

டீ சிந்துது தம்பி, பாத்து. உள்ள யாரும் குளிக்கல. இவ்வளவு நேரமாத் தண்ணி சத்தமே கேக்கலையே, கவனிக்கலையா? இருங்க, கண்ணாடியக் கழட்டி முடிய அவுத்து விடுறேன். இப்பத் தெரியுதா?

கதவு பூட்டல. போறதுன்னா போங்க. நீங்க உள்ள நுழையறப்ப இவ ஒரு போட்டோ எடுத்தா. அது எத்தன பேருக்குப் போகணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வேணாமா? அப்ப முதல்ல அந்த விளம்பரத்த எடுங்க, என் கண்ணு முன்னாடி. எல்லாத்தையும். ம். இப்ப இந்தப் போனப் பிடிங்க. எங்க அக்கா நம்பரு, ரிங் போகுது. அந்தப் போட்டோவ நான்தான் திருடிப் போட்டேன், அந்த விளம்பரத்துக்கும் உங்க தங்கச்சிக்கும் சம்பந்தமே இல்லன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அழாதீங்க, அன்னிக்கு அழுதது போதும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் எங்கம்மாவுக்குத் தலைக்கு ஊத்தணும்.

எடுத்துட்டா. பேசுங்க.