குடுக்கை கட்டிய கை

சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட வேண்டும், ரைட்டர் ஐயா. அவசரப்பட்டு அறுத்தால் காயும்போது சுருங்கிப்போகும். காம்பு உடையாமல் எடுத்து, அடுப்புக்கு மேலே இரண்டு மாதம் தொங்கவிட்டால், ஆட்டும்போது உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். அதுதான் குடுக்கை. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். சிலமலையிலிருந்து போடி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என் பெயர் அன்னக்கொடி. செத்துப்போன பெரியகருப்பனுக்குக் கூடப்பிறந்த அக்காள். வெளியே வராந்தாவில் உட்காரவைத்திருக்கிறீர்களே ராமுத்தாய், அவள் அவன் பெண்டாட்டி. அவளை விட்டுவிடச் சொல்லத்தான் வந்தேன்.

கண்மாய் மடையைத் திறப்பது எங்கள் வீட்டு ஆண்களின் வேலை. கண்மாய் நிறைந்ததும், அடியில் மடைவாயை அடைத்திருக்கும் கட்டையை ஒருவன் முக்குளித்துப் போய் அசைத்து எடுக்க வேண்டும். கட்டை நகர்ந்ததும் தண்ணீர் அவனையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் மேலே இருப்பவர்கள் அவனை இழுத்துக்கொள்ள வேண்டும். முதலிலேயே கயிறு கட்டி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். தண்ணீருக்குள் கருவேல மரங்கள் மூழ்கிக் கிடக்கின்றன. நீளக் கயிறு எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

அதனால் கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டி, மிச்சத்தைக் குடுக்கையின் கழுத்தில் சுற்றி, குடுக்கையை வயிற்றோடு அணைத்து ஒரு சுருக்குப் போட்டுவிடுவோம். கனத்துக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். கட்டை அசைந்ததும் சுருக்கின் தலைப்பை இழுப்பான். குடுக்கை விடுபட்டு மேலே வந்து மிதக்கும். தெப்பத்தில் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து அவனை இழுத்துவிடுவார்கள். குடுக்கை வராதவரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதுவரை வேறு யாரும் இறங்கக் கூடாது. சேறு கலங்கினால் அவனுக்குக் கண் தெரியாது.

குடுக்கையை வீட்டுப் பெண்தான் கட்ட வேண்டும். கட்டும்போது அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பான். முடிச்சைத் தொட்டுப் பார்க்க மாட்டான். தொட்டால், கட்டியவளை நம்பவில்லை என்றாகிவிடும். அப்பாவுக்கு அம்மா கட்டினாள். தம்பிக்குப் பதினைந்து வருஷம் நான் கட்டினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை எழுத வேண்டாம்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம் என்று போன மாதம் பிரித்தார்களே, அதற்கு இந்தப் பக்கச் சரிவில் ஒரு ஏலத்தோட்டம். ராமுத்தாய் அங்கே ஏலக்காய் மூட்டை கட்டும் வேலையில் இருந்தவள். சித்திரையில் கல்யாணம். கல்யாணம் ஆகிவிட்டால் குடுக்கை கட்டுவது பெண்டாட்டியின் உரிமை. நான் மறுப்புச் சொல்லவில்லை. நானே கூப்பிட்டு உட்காரவைத்து என் முடிச்சைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மதினி, ஏலக்கா மூட்டைக்கு வாய் கட்டுற சுருக்கு இதைவிட வெரசா அவுருமே. போட்டுக் காட்டவா?"

"மூட்டை மூச்சு விடாது ஆத்தா."

"அதான் மதினி, மூச்சு விடுற மனுசனுக்கு இன்னும் வெரசா அவுர வேணாமா?"

கெட்டிக்காரப் பெண். ஐப்பசியில் வடக்கு மடையைத் திறந்தபோது அந்தச் சுருக்கைத்தான் போட்டாள். குடுக்கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. தெப்பத்தில் இருந்த ஜக்கையன் மாமா, தம்பி தலை தூக்கியதுமே சத்தமாகச் சொன்னார்.

"ஏ மாப்ளே, இது குடுக்கையாடா, கொக்குல்ல பறந்து வருது. இத்தனை வருசமா உங்கக்கா உன்னைத் தண்ணியில ஊறல்ல போட்டிருந்தா."

கரையெல்லாம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அன்றைக்கு அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்புகூட வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை தெற்கு மடை. ராமுத்தாய்தான் குடுக்கையைக் கட்டினாள். ஜக்கையன் மாமா தெப்பத்தில் நின்று எண்ணத் தொடங்கினார். தம்பி எண்பதுக்குள் குடுக்கையை விட்டுவிடுவான். தொண்ணூறில் வாய்க்கால் பக்கம் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. கட்டை எடுபட்டுவிட்டது. கொஞ்சம் பொறுத்து அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஏதோ போய் அடைத்துக்கொண்டது போல.

"அன்னக்கொடி, தண்ணி பாஞ்சிருச்சு. குடுக்கையக் காணோமே. எறங்கவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினைந்து வருஷமாக அந்தக் கரையில் என்னைத்தான் பார்த்துப் பழக்கம். ராமுத்தாய் முழங்கால் தண்ணீர்வரை ஓடிவிட்டாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொறுங்க மாமா. கட்டை பாதி நகண்டுருக்கும். இப்பப் போய்க் கலக்கிராதீக."

மாமா நின்றார். எண்ணுவதை மட்டும் விடவில்லை. இருநூறுக்கு மேல் என்னைக் கேட்காமலே குதித்துவிட்டார். கொண்டுவந்து கரையில் போட்டபோது தம்பியின் வலது கை, மடைவாய்க்குள் இழுபட்டதில், தோள்வரை தோல் வழண்டிருந்தது. குடுக்கை வயிற்றிலேயே இருந்தது. மாமாதான் கயிற்றை அரிவாளால் அறுத்தார். முடிச்சு அப்படியே உங்கள் மேசைமேல் இருக்கிறது.

மலைக்குத் திரும்பிப் போகிற ஆசையில் அவள் வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது அபாண்டம். கை தவறிவிட்டது என்று சொல்லி அவளை அனுப்பிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும், ஐயா. அது தவறாது.

முடிச்சை இப்படிக் கொடுங்கள், காட்டுகிறேன். இந்த வளையம் அவள் போட்டது. சுத்தமான சுருக்கு. ஒரு இழுப்பில் அவிழும். இப்போது அதற்குள் பாருங்கள். தலைப்பு திரும்பவும் வளையத்துக்குள் நுழைந்து வந்திருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது. இழுத்தால் இறுகும். நார்க்கயிறு நனைந்தால் இன்னும் இறுகும்.

அவள் கட்டி முடித்து நகர்ந்த பிறகு, "நில்லுடா, அரைத்துணி நெகிழுது" என்று அவனை நிறுத்தினேன். அவன் பழையபடி கைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். இதைச் செய்ய ஒரு கண்சிமிட்டும் நேரம் போதும்.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டான்.

"இருக்குடா" என்றேன்.

அவனைக் கொல்ல நினைக்கவில்லை. எங்கள் வம்சத்தில் அவனைப் போல மூச்சுப் பிடிக்கிறவன் கிடையாது. குடுக்கை இல்லாமலே எப்படியாவது உதறிக்கொண்டு மேலே வருவான், இருமிக்கொண்டே, இனிமே அக்காவே கட்டட்டும் என்பான். அவ்வளவுதான் நினைத்தேன். அவள் மனசும் நோகாமல் முடிந்திருக்கும்.

நூறில் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஜக்கையன் மாமா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் பிழைத்து எழுந்திருந்தால் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்திருப்பான். பதினைந்து வருஷம் என் முடிச்சைத் தொடாதவன். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் பொறுக்கச் சொன்னேன்.

வெளியே அவள் அழுவது உங்களுக்கும் கேட்கிறதல்லவா? "எங்கையால கட்டி அனுப்புனேனே, எங்கையால கட்டி அனுப்புனேனே" என்று நான்கு நாளாக இதே அழுகை. கேட்கிற பெண்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிவைத்திருப்பீர்கள். பாவம், சின்னப் பெண். அவளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். அவனைக் கடைசியாகக் கட்டி அனுப்பிய கை அவளுடையது என்று எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது.