கோப்பிக்கடை மணிக்குக் கட்டப்பட்ட மனிதர்

ஆன்ற பெருமைக்குரிய சங்கத் தலைவர் வைரக்கண்ணு அவர்களே! அவர் எழுந்து போய்விடாதபடி இருபுறமும் இறுக அமர்ந்திருக்கும் செயற்குழுப் பெரியோர்களே! அடுப்பை அணைத்து, அழும் பிள்ளையை இடுப்பிலே அணைத்து, அரங்கை நிறைத்திருக்கும் அருமைத் தாய்மார்களே! பின்வரிசையிலே காக்கிச் சட்டையும் கண் நிறையத் தூக்கமுமாய் வீற்றிருக்கும் ஓட்டுநர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம், சலாம்.

முதலில் ஒரு வெட்கக்கேடு. சற்றுமுன் தலைவர் உரையாற்றியபோது கரகரவென்று ஓர் ஓசை கேட்டதே, ஒலிபெருக்கிக்காரர்கூட ஓடிவந்து கம்பியைத் திருகிப் பார்த்தாரே, அது ஒலிபெருக்கியின் கோளாறு அல்ல. என் குறட்டை. சிரியுங்கள் அம்மா, சிரியுங்கள்! என் மனைவி கண்மணி கல்யாண நாளிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மேடையில் தூங்கினால் ஒரு தலைதான் தொங்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்கினால்?

அதற்காகத்தானே கூடியிருக்கிறோம்! பாய லேபார் விமான நிலையத்துக்கு விமானிகளை வீட்டிலிருந்து ஏற்றி வருவதும், இறங்கியவர்களை வீடு சேர்ப்பதும் நம் ஓட்டுநர்களின் வேலை. கம்பெனி புதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டியிருக்கிறது. சம்பளத்தில் சற்றே உயர்வு. கூடவே, இதுவரை வாய்ச்சொல்லாய் நடந்த வழக்கத்தை எழுத்தாக்கும் ஒரு வரி: விமானங்களின் தேவைக்கேற்ப எந்நேரமும் பணிக்கு வரவேண்டும். வளைந்து கொடுக்கும் பணிநேரமாம்! வளைவது எது? மூங்கிலா? முல்லைக் கொடியா? முதலாளியின் மனமா? முதுகு, தோழர்களே, நம் முதுகு! இன்று இம்மண்டபத்தில் ஓட்டுநர்கள் கை உயர்த்தி மறுத்தால் அந்த வரி விழும். மறுக்காவிட்டால் நாளைக் காலை கையெழுத்து விழும்.

என்னம்மா கேட்கிறீர்கள்? "காசு கூடுதுல்ல?" என்றா? கூடும். கூடுகிற காசில் புதுப் பாய் வாங்கலாம். அதில் படுக்க ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா?

பின்வரிசை ஓரத்தில் இருக்கும் ரவூப் பாயை எல்லாருக்கும் தெரியும். "என் கதைய மட்டும் எடுக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினார். எடுக்காமல் இருப்பேனா? பிறர் கதை பேசாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

ரவூப் வீட்டில் தொலைபேசி இல்லை. டன்லப் தெருவில் மரைக்காயர் கோப்பிக்கடைத் தொலைபேசிதான் அவருக்கும் தொலைபேசி. கம்பெனி அழைத்து மணி அடித்தால் மரைக்காயர் கல்லாவிலிருந்து கத்துவார். அந்தக் கத்தல் எட்டாத தூரத்துக்கு ரவூப் போகக்கூடாது. கொட்டிலில் கட்டிய ஆட்டுக்காவது கயிறு கண்ணுக்குத் தெரியும். இவர் கயிறு தெரியாது. கடற்கரை இல்லை, கந்தூரி இல்லை, படக்கொட்டகை இல்லை. மூத்த மகள் ஆயிஷாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தார்கள். எந்த மண்டபம் என்றார் சம்பந்தி. கோப்பிக்கடை மாடி என்றார் ரவூப்!

"கறிப்புகை ஏறுற மாடியிலயா எம்புள்ளைக்கு நிக்காஹ்?" என்று பொங்கினார் மனைவி ஜரீனா.

"மணி காதுல விழணும் லா" என்றார் ரவூப்.

நிக்காஹ் நாள். மாப்பிள்ளை அமர்ந்தாயிற்று. நிக்காஹ் நடத்திவைக்கும் காதியார் வந்துகொண்டிருக்கிறார். மகளைத் தருகிறேன் என்று தந்தை தன் வாயால் சொல்லவேண்டிய நாள். கீழே மணி அடித்தது. மரைக்காயர் அன்று கத்தவில்லை. தானே மாடியேறி வந்து, வாசலில் நின்று கையைப் பிசைந்தார்.

"காத்தோங் வீட்டுலேர்ந்து கேப்டனை உடனே ஏத்தணுமாம்."

"நான் இல்லேன்னு சொல்லலையா?"

"சொன்னேன் ரவூபு. அப்ப நாளைக்கும் வரவேணாம்னுட்டான்."

ஜரீனா ஓடிவந்தார். "என்னங்க, காதியார் வந்துரட்டும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

ரவூப் தம்பியின் கையைப் பிடித்து, "எனக்குப் பதிலா நீ சொல்லிடு" என்றார். பட்டுச் சட்டையின்மேல் காக்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

காத்தோங்கில் அந்த விமானி வீட்டு வாசலில் போய் நின்றால், கேப்டன் தூங்குகிறார்! முந்தைய விமானம் தாமதமாக இறங்கியதால் அவருக்கு ஓய்வு முடியவில்லை. விமானிகள் சங்கத்து ஒப்பந்தப்படி ஓய்வு முடியுமுன் அவரை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. விமானம் காத்திருக்கும், பயணிகள் காத்திருப்பார்கள், மந்திரி மாமனாரே ஆனாலும் காத்திருப்பார். அதை மறந்து கம்பெனி அழைத்துவிட்டது.

"தொர எந்திரிக்க நேரமாவும் பாய். கார்லயே இருங்க" என்றார் சமையற்கார ரத்தினம்மா.

ரவூப் காரிலேயே இருந்தார். இங்கே சன்னல் திரை அசையவில்லை. அங்கே தகப்பன் குரல் கேளாமலே ஒரு பெண் மணமகளானாள்.

கேப்டன்மீது எனக்குக் கோபமில்லை. தூங்கட்டும், நன்றாகத் தூங்கட்டும்! சேதி தெரிந்ததும், "உங்கள் ஒப்பந்தத்தில் இந்த விதி ஏன் இல்லை?" என்றுதான் அவரும் கேட்டாராம். ஏன் இல்லை? விமானி கண்ணயர்ந்தால் விமானம் விழும் என்று விதி எழுதினீர்களே, அந்த விமானியைச் சுமந்து வருகிறவன் கண்ணயர்ந்தால் கார் என்ன மிதக்குமா? வானில் ஓட்டுகிறவனுக்கு இமை உண்டு, வீதியில் ஓட்டுகிறவனுக்கு இமை இல்லையா?

அடுத்த மாதம் ரவூப் பாயின் இளைய மகளுக்கு நிக்காஹ். அவர் கேட்பது ஆகாயமா? அரண்மனையா? மணி அடித்தாலும் எழாமல் உட்காரும் உரிமையுள்ள ஒரு நாள்! மகளின் பெயரைத் தன் வாயால் சொல்ல ஒரு நாள்!

வாசலில் என்ன ஹாரன்? கதவைச் சாத்துங்கள் ஐயா. தலைவர் ஏன் என் வேட்டியை இழுக்கிறார்? முழங்கும் நேரத்தில் இழுத்தால் மானமும் சேர்ந்து போய்விடுமே!

ஆகவே, தோழர்களே! வளைந்தது போதும், வாடியது போதும், வாய்மூடி வண்டியேறியது போதும்! மறுக்கிறோம் என்று கை உயர்த்துங்கள்!

ஆகா, எத்தனை கைகள்! எத்தனை வளையல்கள்! தாய்மார்களே, இறக்குங்கள், உங்களுக்கு வாக்கில்லை. ஓட்டுநர்கள்? ஓட்டுநர் தோழர்கள் எங்கே?

தலைவர் அவர்களே, பின்வரிசை காலியாக இருக்கிறதே?

கம்பெனி வேன் வந்ததாம். விமானம் ஒன்று முன்கூட்டியே இறங்குகிறதாம். ரவூப் பாய் மட்டும் வாசலில் சற்று நின்று, "அண்ணன் முடிச்சிருவாரா?" என்று கேட்டுவிட்டுக் கடைசியாக ஏறினாராம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கை உயர்த்திய தாய்மாருக்கும் என் நன்றி. மழை வரும்போல் இருக்கிறது, பார்த்துப் போங்கள். வாக்கெடுப்பை முதலில் முடித்துவிடுவோம் என்றுதான் தலைவர் சொன்னார். பேச்சுதான் முதலில் என்று அடம்பிடித்தவன் நான். வணக்கம்.