தெனம் கொஞ்சம் நகர்ற கூண்டு

இல்லீங்க மாப்ளே, ஒடனே கெளம்ப முடியாது. மணியப் பாருங்க, ஒம்பதாவப் போவுது. சனிக்கெழம ஒம்பதுலருந்து பத்தரை ராகு காலம். ஆடிக்குன்னு கூட்டியாந்த பொண்ண, ஆவணி மொத நாளும் அதுவுமா ராகு காலத்துல உங்ககூட வண்டியேத்தி அனுப்புனா உங்கம்மாவே கேப்பாங்க, காலண்டர்கூடப் பாக்க மாட்டாரா அந்த மனுசன்னு. சரிதாவும் இப்பத்தான் தலைக்கு ஊத்திக்கப் போனா. கேக்குதில்ல, தண்ணிச் சத்தம். அவ குளிச்சு, தல காஞ்சு, பொடவ கட்டி வர்றதுக்கும் பத்தரை ஆவுறதுக்கும் சரியா இருக்கும். வாங்க, அதுக்குள்ள பின்னால தோட்டத்தப் பாத்துட்டு வருவோம். உள்ள உங்க அத்தை வடைக்கு அரைக்கறா. சனிக்கெழமயாப் போச்சு, இல்லன்னா ஒரு நாட்டுக்கோழிய அடிச்சிருப்பன்.

பாத்து வாங்க, கம்பி கெடக்குது. அதான் நான் சொல்ல வந்தது. அந்தக் கம்பி எங்க போவுதுன்னு பாருங்க. அங்க நட்டிருக்கற கடப்பாறைக்கு. இந்தப் பக்கம் கூண்டுக்கு அடியில ஒரு உருளை, அதுல சுத்தியிருக்குது. கூண்டுக்குச் சக்கரம் நாலும் பழைய மொபெட் சக்கரம். மோட்டாரு லாரி கண்ணாடி தொடைக்குமே, அந்த வைப்பர் மோட்டாரு. ஓசூரு பழைய இரும்புக் கடையில எடுத்தன். மோட்டாரு சுத்துனா கம்பி உருளையில ஏறும், கூண்டு தன்னத்தானே கடப்பாறை பக்கம் இழுத்துக்கும். யாரும் தள்ள வேணாம். காலையில அஞ்சரைக்கு ஆரம்பிக்கும், நான் ஷிப்டுக்குக் கெளம்பறதுக்குள்ள பன்னெண்டு அடி போயிருக்கும். கோழிக்குத் தெனம் புதுப் புல்லு, புதுப் பூச்சி. பழைய எடத்துல எரு. உள்ள இருக்கறது பதினெட்டு கோழி, ரெண்டு சேவலு.

எதுக்கா? அது சரி. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. கம்பெனியில முப்பது வருசமா மெயின்டனன்ஸ் பாக்கறவனுக்கு வீட்லயும் எதுனா ஓடிட்டே இருக்கணும். கை சும்மா இருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். இப்பப் பாருங்க, இந்த ஸ்பேனர ஏன் எடுத்தன்னு எனக்கே தெரியல.

போனா? இல்ல, மணி பாத்தன். கம்பெனியிலருந்து கூப்புடுவானுங்க. லீவு போட்டாலும் உடமாட்டானுங்க.

உங்க தம்பி மாதவன் எப்படி இருக்காப்ல? இன்னும் பெங்களூர்ல டாக்சிதான? ஸ்டேஷன் வாசல்லயே ஸ்டாண்டு. நல்ல எடம். ஒரு போன் போட்டா போதும், யாரு வர்றா யாரு போறான்னு சொல்லிருவாப்ல. நல்ல பையன்.

தண்ணியா? நின்னுபோச்சா? சோப்பு போடுவா. அவ எப்பவும் அப்படித்தான், நிறுத்தி நிறுத்தி ஊத்துவா. இந்தா, மறுபடி ஊத்தறா பாருங்க.

நான் எங்க உட்டன். ஆங், மொத மொத இதப் பண்ணப்ப ஒரு தப்புப் பண்ணன். மோட்டாரு இருக்குதேங்கற திமிருல ஒரே நாள்ல கெணத்து மேட்டுலருந்து அந்தக் கோடி வேம்பு வரைக்கும் இழுத்துட்டன். பகல்ல எல்லாம் வெளிய உட்டு மேச்சன். சாயந்தரம் வந்து பாத்தா கூண்டுல ஒரு கோழி இல்ல. எங்கன்னு தேடுனா, கூண்டு காலையில எங்க இருந்துச்சோ அந்த வெறுந்தரையில வந்து வரிசையா ஒக்காந்திருக்குது. மேல கூரை இல்ல, சுத்தி வலை இல்ல. நாய் வந்து ரெண்டக் கவ்விட்டுப் போச்சு. மீதி அப்பவும் எந்திரிக்கல மாப்ளே. அது அதோட எடமாம். அதுக்கு வீடுன்னா கூண்டு இல்ல, அந்த எடம். அங்க நாய் வந்தாலும் அங்கதான் ஒக்காரும்.

அப்பறம்தான் தெனம் பன்னெண்டு அடின்னு வெச்சன். அதுலயும் ஒரேயடியா இழுக்கறதில்ல. இந்த டைமர் இருக்குது பாருங்க, பத்து செகண்டு ஓட்டும், ஒரு நிமிசம் நிறுத்தும். கோழி கூடவே நடந்துக்கும். பின்பக்கம் கால் மாட்டிக்கப் படாதுன்னு பழைய கன்வேயர் பெல்ட்ட வெட்டித் தொங்க உட்டிருக்கன். இந்த மாதிரி டைமர் ரெண்டு வாங்கனன். ஒன்னு இதுல. இன்னொன்னு வேற எடத்துல ஓடுது.

உங்க பெரியம்மா வெங்கடம்மா இருக்காங்கள்ல, எதிர் வீட்ல. அவங்க கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவுல ஒரு முட்ட கூட போவாது. சரிதா யாருகூடப் பேசுனா, எத்தன மணிக்கு விளக்கணச்சா, எல்லாம் அன்னன்னிக்கி மத்தூருக்கு, உங்க வீட்டுக்குப் போன்ல வந்துரும். தப்பாச் சொல்லல, பாசம். அவங்க ஒரு நாள் வந்து நின்னு, ஏம்பா மூர்த்தி, கூண்டு கெணத்து மேட்டுலதான இருந்துச்சு, எப்ப இங்க கொண்டாந்தன்னு கேட்டாங்க. ஒரு மாசமா அவங்க திண்ணையில ஒக்காந்து, நம்ம வீட்டோரச் சந்து வழியா பாத்துட்டேதான் இருந்தாங்க. அவங்க கண்ணு முன்னாலதான் போச்சு. தெனம் பன்னெண்டு அடி, யாருக்கும் தெரியறதில்ல. கோழிக்கே தெரியல, அவங்களுக்கு எப்படித் தெரியும். அன்னிக்கிச் சிரிச்சன். அப்பறம் அது மனசுல நின்னுபோச்சு.

ஒக்காருங்க மாப்ளே, அந்தக் கல்லு மேல. இன்னும் ஒம்பதே முக்கால்தான். ராகு எங்கயும் ஓடிராது. நான் நிக்கறன், எனக்கு ஒக்காந்தா ஆவாது.

இது உங்களுக்குத் தெரியும். வைகாசியில நம்மூரு மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தப்ப சுட்டீங்களே, அந்த பலூன் பலகை. துணிய எடுக்கறன் இருங்க. கம்பெனி வேல போவ, திருவிழா திருவிழாவா இதத் தூக்கிட்டுப் போறது எனக்கு ஒரு பைத்தியம். மத்தவங்க பலூன் கடையில பலகை சும்மா நிக்கும். என்னுது ஓடும். சைக்கிள் செயினு, அதே வைப்பர் மோட்டாரு. கோடிக்குப் போயி இந்த நாக்க முட்டுனா கரண்டு மாறி இந்தப் பக்கம் திரும்பிரும். கீழ்வரிசையில தகர பொம்மை எட்டு. குண்டு பட்டா மல்லாக்க விழும், பின்னால ஒரு எடை தொங்குது, அது இழுத்து மறுபடி நிமித்தி நிறுத்திரும். நீங்க பத்துக்கு ஒம்பது அடிச்சீங்க. கூட்டமே கை தட்டுச்சு. நானும்தான் தட்டனன், என் மருமவன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொன்னன்.

நல்ல கை உங்களுக்கு. குறி தப்பாது.

அந்த எடையப் போட்டது நான்தான். விழுந்த பொம்மைய ஒவ்வொருக்கா போயி நிமித்தறது இம்சைன்னு போட்டன். அடி வாங்குனா விழும், தானா எந்திரிச்சு அதே எடத்துல வந்து நிக்கும், அடுத்தவன் அடிக்கறதுக்கு. ரொம்ப சாமர்த்தியம்னு எல்லாரும் மெச்சுனாங்க.

தலை தீபாவளிக்கு வந்தப்ப சரிதா சொன்னா, பா, நான் போவல, இங்கயே இருந்துக்கறன்னு. புதுசுல எல்லாப் பொண்ணும் அப்படித்தான் சொல்லும்னு நானே கொண்டாந்து உட்டன். பொங்கல் கழிச்சு ஒரு நாள் தனியா பஸ் ஏறி வந்தா. நீங்க போன் பண்ணீங்க, சின்ன வாக்குவாதம் மாமா, உட்ருங்கன்னீங்க. அன்னிக்கி சாயந்தரமே பைக்குல ஏத்திட்டு வந்தன். ஞாபகம் இருக்குதா, உங்க வீட்ல எனக்குக் காப்பி குடுத்தாங்க. நான் குடிச்சன். ஒன்னுமே நடக்காத மாதிரி மழையப் பத்திப் பேசிட்டு வந்தன். உங்க அத்தை அதுக்கப்பறம் நாலு நாளு எங்கிட்டப் பேசல.

என்னா, எந்திரிக்கறீங்க? தண்ணி ஓடுது பாருங்க, இன்னும் குளிச்சு முடிக்கல. பொம்பளப் புள்ள குளிக்கற எடத்துக்கு இப்பப் போயி நின்னா நல்லாவா இருக்கும். ஒக்காருங்க. ஒரே ஒரு விசயம் சொல்லி முடிச்சிடறன்.

ஆடிப் பதினெட்டு அன்னிக்கி கிருஷ்ணகிரி டேமுக்குப் பலகையத் தூக்கிட்டுப் போனன். சரிதாவும் வரேன்னா. கூட்டம்னா கூட்டம், நிக்க எடமில்ல. அவ எனக்கு வலப்பக்கம் ஸ்டூலு போட்டு ஒக்காந்து பலூன் ஊதிக் குடுத்தா. ஒரு பையன் துப்பாக்கியத் தாறுமாறாப் புடிச்சான், குண்டு ஓரத்துல பட்டு, ஊதி வெச்ச மூட்டையில ஒரு பலூன் வெடிச்சுது. இவ தலைக்குப் பக்கத்துலயே, இவ எடது காதுக்கு ஒரு சாண் தூரத்துல. நான் எகிறிக் குதிச்சன். பஞ்சு முட்டாய்க்காரன் துள்ளிட்டான். எதிர்ல நின்ன கைக்கொழந்த வீல்னு அழுவுது. இவ குனிஞ்சு அடுத்த பலூன ஊதிட்டிருக்கா.

இருங்க, போனு. இல்ல, விளம்பரம்.

மணி பத்து இருவது. பரவால்ல, இன்னும் பத்து நிமிசந்தான்.

நான் ஒன்னும் கேக்கல அவள. சாயந்தரம் வரைக்கும் பலகைய ஓட்டுனன். வர்ற வழியில எடது பக்கமா நின்னு மெதுவாக் கூப்ட்டன், சரிதா சரிதான்னு ரெண்டு தரம். அவ ரோட்டப் பாத்து நடந்துட்டே இருந்தா.

மறுநாள்லருந்து ஆரம்பிச்சன். பன்னெண்டு அடி கணக்குத்தான். தெனம் கம்பெனி பஸ்ஸுக்குப் போறப்ப என் சாப்பாட்டுப் பையில ஒன்னு. மொத நாளு அவ டிப்ளமோ சர்டிபிகேட்டு. மறுநாளு ரெண்டு சுடிதாரு. அப்பறம் ஆதாரு, பேங்க் புக்கு, செருப்பு, அவ சின்னதுலருந்து தலைக்கு வெச்சுப் படுக்கற சின்ன தலகாணி. உங்க பெரியம்மா தெனம் வாசல்லருந்து கேப்பாங்க, என்னாப்பா இன்னிக்கி சாப்பாடுன்னு. புளிசாதம்னு சொல்வன். கம்பெனியில வினோதான்னு கூட வேல செய்யற பொண்ணு, அவகிட்டக் குடுத்து வெச்சன். பதிமூணு நாளு. அறையில இப்ப இருக்கறது நீங்க எடுத்துக் குடுத்த பட்டுப் பொடவையும் அந்தப் பீரோவும்தான். பீரோவ நீங்க எப்ப வேணா எடுத்துட்டுப் போலாம்.

இதோ. இதுதான். மிஸ்டு கால். ரெண்டு ரிங்கு, கட்டு. பெங்களூர்ல ரயிலு கெளம்பிருச்சுன்னு அர்த்தம்.

அவ வீட்ல இல்லீங்க மாப்ளே. விடியக்காலம் ஷிப்டு பஸ்ல போயிட்டா. வினோதாவோட கம்பெனி கோட்டு, முகத்துல மாஸ்க்கு, கழுத்துல டேகு. உங்க பெரியம்மா வாசத் தெளிச்சிட்டே பாத்தாங்க, பஸ் ஏறுன பொம்பளைங்கள்ல ஒருத்தின்னு இருந்துட்டாங்க. பாத்ரூம்ல ஓடறது ரெண்டாவது டைமரு. வாஷிங் மெஷின் வால்வு ஒன்ன கொழாயில மாட்டி உட்டிருக்கன், ஒரு நிமிசம் ஊத்தும், மூணு நிமிசம் நிக்கும். போயி நிறுத்தணும், தொட்டி காலியாயிரும்.

எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. எங்கிட்டச் சொல்லாதன்னு அவகிட்ட நான்தான் சொன்னன். நான் எவ்ளோ பேசறவன்னு பாத்தீங்கள்ல, என் வாயில நிக்காது. வேல கெடச்சிருக்குது, ஹாஸ்டல் இருக்குது, அவ்ளோதான் எனக்கு வேணும். மாதவனுக்குப் போன் போடறதுன்னா போடுங்க. வண்டி ஸ்டேஷனத் தாண்டிருச்சு.

உக்கும், அதெல்லாம் பேசுங்க, போலீஸுன்னும் பேசுங்க. அதுக்கும் ஒரு சீட்டு வெச்சிருக்கன். ஓசூர்ல காது டாக்டரு எழுதிக் குடுத்தது. செவிப்பறை கிழிஞ்சு ஏழு மாசம் ஆவுதுன்னு போட்டிருக்காரு. ஏழு மாசம்னா எண்ணிப் பாருங்க, பொங்கலு. நான் உங்க வீட்ல காப்பி குடிச்ச அன்னிக்கி அவ ஒரு காதோடதான் உள்ள நின்னிருக்கா. நான் மழையப் பத்திப் பேசிட்டிருந்தன்.

பத்தரை ஆச்சு. ராகு காலம் முடிஞ்சுது, நீங்க தாராளமாக் கெளம்பலாம். வடை வெந்திருக்கும், சாப்ட்டுப் போறதுன்னா சாப்ட்டுப் போங்க, மருமவன் வெறும் வயித்தோட போனான்னு பேச்சு வேணாம். ஆனா கத்தாதீங்க மாப்ளே. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது.