அடித்தளக் கதவின் முதல் படம்

என் பெயரும் என் கணவர் பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தாறு. அச்சகத்துக்கு மேல் மாடியில் முன்னறையை ஸ்டூடியோவாகவும், நடு அறையை வீடாகவும், பின்னறையை இருட்டறையாகவும் வைத்துக்கொண்டு பதினெட்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். தெருவில் ‘படக்காரம்மா’ என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். கட்டடங்களைப் பெரிய ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பது என் தொழில். முக்காலியும் பெட்டியும் சுமப்பது என் கணவர். கட்டட மேலாளரை என் இருட்டறையில் அடைத்து வைத்தேன், அவர் கையைக் கடித்தேன், அவருடைய போனைப் பாழாக்கினேன் என்று என் மீது உள்ள மூன்று புகார்களும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. மூன்றையும் நான் செய்தேன். நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நானும் என் கணவரும் அந்த மேலாளர் பார்த்துக்கொள்ளும் நான்கு மாடிக் கட்டடத்துக்குப் போனோம். கட்டடம் விலைக்குப் பேசி முடியும் நிலையில் இருந்தது. மேல் மாடிகள் காலி செய்யப்பட்டிருந்தன. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் கட்டடத்தின் நான்கு பக்கமும், அடித்தளக் கதவும் தெளிவாகத் தெரியும்படி ஆள் உயரப் படங்கள் கேட்டிருப்பதாக மேலாளர் சொன்னார். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு என மூன்று படம் எடுத்தேன். அதன் பிறகு பின்சந்துக்குப் போனோம்.

என் கேமரா மரச்சட்டமும் துருத்தியும் கொண்டது. ஹோல்டர் என்கிற தட்டையான உறையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஃபிலிம் தாள் இருக்கும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அப்படிப் பார்த்தபோது அடித்தளக் கதவு திறந்திருப்பதையும், வாசலில் பெண்களின் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதையும் கண்டேன். உள்ளே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாம் தெளிவாக விழ லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, சந்தில் வெளிச்சம் குறைவு என்பதால் எட்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன். அந்த எட்டு விநாடிக்குள் ஒரு பெண் வெளியே வந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அது காலை பத்து நாற்பதுக்கு. பின்சந்துக்கென்று புதிதாகப் போட்ட ஹோல்டரின் முதல் தாள் இதுதான்.

அப்போது மேலாளர் வந்து, “என்னம்மா இது, செருப்பு குப்பை எல்லாம் சேர்த்து எடுக்குறீங்க? கிடங்கு காலியா இருக்குன்னு காட்டத்தானே படம்?” என்றார். செருப்புகளை ஒதுக்கச் சொன்னார். நான் என் கையால் அவற்றை ஒரு சாக்கில் அள்ளி, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தேன். எத்தனை ஜோடி என்று எண்ணவில்லை. அதன் பிறகு மேலாளர் கதவைச் சாத்தி வெளியே பூட்டுப் போட்டார். உள்ளே ஆள் இருக்கிறார்களே என்று என் கணவர் கேட்டதற்கு, “அஞ்சே நிமிஷம். படம் முடிஞ்சதும் திறந்துடுறேன்” என்றார். நான் ஹோல்டரைத் திருப்பிப் போட்டு இரண்டாவது தாளை எடுத்தேன். அதன் பிறகு மேலாளருக்கு போன் வந்தது. கம்பெனி ஆட்கள் முன்வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று பூட்டைத் திறக்காமலே ஓடினார். நாங்கள் கேமராவை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தோம். பதினொன்று ஐந்துக்கு எங்கள் முதுகுப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. முதலில் கற்களை இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

தீயணைப்பு வண்டி இருபது நிமிடத்தில் வந்தது. முன்பக்கப் படிக்கட்டில் காவலாளியும் கம்பெனி ஆள் ஒருவரும் மாட்டிக்கொண்டு குரல் கொடுத்தபடி இருந்தார்கள். அவர்களை எடுக்க, இடிபாட்டை இயந்திரத்தால் பின்சந்துப் பக்கம் தள்ளப் போவதாகத் தீயணைப்பு அதிகாரி சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் அடித்தளத்தில் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் தலையில் தள்ளாதீர்கள் என்று சொன்னேன். மேலாளர் பக்கத்தில் வந்து, அடித்தளம் மூன்று மாதமாகக் காலி என்று ஒரு தாளைக் காட்டினார். தையல் மெஷின் சத்தம் பற்றி நான் கேட்டதற்கு அது ஜெனரேட்டர் சத்தம் என்றார். என் கணவரையும் காட்டி, “கூலி பேசினதுல தகராறு சார், அந்தக் கோபத்துல புருஷனும் பொண்டாட்டியும் பேசுறாங்க” என்றார். கூலியில் எந்தத் தகராறும் இல்லை.

அதிகாரி என்னிடம் கோபப்படவில்லை. “அம்மா, ரெண்டு பேரு கத்துறது என் காதுல விழுது. அவங்களை விட்டுட்டு, இருக்காங்களோ இல்லையோன்னு தெரியாத இடத்துக்கு நான் எப்படி ஆளை அனுப்புவேன்? உங்ககிட்ட ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். செருப்புச் சாக்கு இடிபாட்டுக்கு அடியில் போய்விட்டது. வேலைக்கு வரும் பெண்களிடம் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. யாரையும் கூப்பிட்டுப் பார்க்க வழியில்லை. என்னிடம் கழுவாத ஒரு ஃபிலிம் தாள் இருக்கிறது என்று சொன்னேன். “இயந்திரம் வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள கொண்டு வாங்க. வந்துட்டா நான் நிறுத்த மாட்டேன்” என்றார். என் கணவர், “நீ ஓடு. நான் இங்க நிக்கிறேன். மெஷின் என் மேல ஏறித்தான் போகணும்” என்றார். அவர் மீது போடப்பட்டிருக்கும் வழக்கு அப்படி நின்றதற்காகத்தான்.

நான் ஹோல்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் உள்ள என் இருட்டறைக்கு ஓடினேன். கறுப்புத் துணி கழுத்திலேயே கிடந்தது. மாடிப்படி ஏறும்போது மேலாளர் எனக்குப் பின்னால் வருவதைப் பார்த்தேன். ஃபிலிம் முழு இருட்டில்தான் வெளியே எடுக்கப்பட வேண்டும். கழுவும்போது யாராவது கதவைத் திறந்தால் ஒரு கீற்று வெளிச்சம் போதும், படம் கரியாகிவிடும். அவரை வெளியே விட்டால் கதவை உடைப்பார் என்று தோன்றியது. ஆகவே, “வாங்க சார், நீங்களே உங்க கண்ணால பாருங்க” என்று சொல்லி உள்ளே விட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விளக்கை அணைத்தேன். திட்டமிட்டுத்தான் பூட்டினேன்.

விளக்கை அணைப்பதற்கு முன்பே, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்தை அவசரத்துக்காகக் கெட்டியாகக் கலந்திருந்தேன். எட்டு நிமிட வேலையை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம் என்று கணக்கு. முதல் பக்கத்துத் தாளை உருவி, ஓரத்தில் உள்ள வெட்டுக்குறியை விரலால் தடவி, மருந்துப் பக்கம் மேலே இருப்பதை உறுதி செய்துகொண்டு தட்டில் விட்டேன்.  இருட்டறைக்குள் கடிகாரம் பார்க்க முடியாது, வாய்விட்டு எண்ணுவதுதான் வழக்கம். முந்நூறு வரை எண்ண வேண்டும். நாற்பதில் மேலாளர், “லைட்டைப் போடுங்கம்மா, மூச்சு முட்டுது” என்றார். எழுபதில் கதவை இழுத்துப் பார்த்தார்.  நூற்றுப் பத்தில் அவர் அழுவது கேட்டது. “முதலாளி பூட்டச் சொன்னாரு, பூட்டினேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. சாவி இன்னும் என் பாக்கெட்லதான் இருக்கு” என்றார். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

நூற்றைம்பதைத் தாண்டியதும் அவர் போனை எடுத்தார். வெளிச்சம் வந்தது. நான் கறுப்புத் துணியைத் தட்டின் மேல் போட்டு அதன் மேல் கவிழ்ந்தேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். போன் இருந்த கை என் முகத்துக்கு அருகில் வந்தது. கடித்தேன். ரத்தத்தின் ருசி தெரியும் வரை விடவில்லை. படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ கரைசல் இருந்த தட்டில் போன் விழுந்து சற்று நேரம் எரிந்து அணைந்தது. அதன் பிறகு நூற்று எழுபது என்று உத்தேசமாக வைத்துக்கொண்டு எண்ணினேன். மேலாளர் மூலையில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு ஆனதும் தாளைத் தண்ணீரில் அலசி, போனைத் தட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, அதே ஹைப்போவில் தாளை இறக்கினேன். பத்து நிமிடம் கிடக்க வேண்டியதை இரண்டு நிமிடத்தில் எடுத்து விளக்கைப் போட்டேன்.

ஒரு மூலை வெளிச்சம் பட்டுக் கறுத்திருந்தது. மற்ற இடம் தப்பியிருந்தது. குடம் எடுத்த பெண் நின்ற இடத்தில் புகை போல ஏதோ இருந்தது, ஆள் இல்லை. நெகடிவ்வில் சிமெண்ட் தரை கறுப்பாக விழும், செருப்புகள் வெளிறித் தெரியும். அவை அத்தனையும் அசையாமல் கிடந்ததால் வார் வாராகத் தெரிந்தன. கதவைத் திறந்துவிட்டு, ஈரம் சொட்டும் தாளை ஓரத்தில் பிடித்தபடி ஓடினேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன், செருப்பு போட்டுக்கொள்ளவில்லை.

இயந்திரம் வந்திருந்தது. அதன் முன்னால் என் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி தாளை வானத்துக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டு முறை எண்ணினார். “பதினொரு ஜோடி” என்றார். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல், இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பின்சந்துக்கு எட்டுப் பேரைக் கையால் தோண்ட அனுப்பினார். முன்பக்க இடிபாட்டை எதிர்ப்புறச் சாலையில் கொட்டச் சொன்னார். மேலாளர் கையில் துணி சுற்றியபடி வந்து, யாரும் கேட்காமலே சாவியை அவரிடம் கொடுத்தார். அந்தச் சாவிக்கு அப்போது கதவு இல்லை.

மாலை நான்கு மணிக்குக் காவலாளியும் கம்பெனி ஆளும் வெளியே எடுக்கப்பட்டார்கள். அடித்தளத்திலிருந்து அன்று இரவுக்குள் ஏழு பெண்களும், மறுநாள் விடிவதற்குள் இரண்டு பெண்களும் உயிரோடு எடுக்கப்பட்டார்கள். மற்ற இரண்டு பேர் கதவுக்கு மிக அருகில் கிடந்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். முதல் தாளைத் தீயணைப்பு அதிகாரி ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டார். இரண்டாவது தாள் கழுவப்படாமல் ஹோல்டரோடு இங்கே ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதில் பூட்டு இருக்கிறது. வெளிச்சத்தில் திறக்கக் கூடாது என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

என்னிடம் கேட்கப்படாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். காலர் தைக்கும் பெண் ஒருவர் கட்டிலில் இருந்தார், வயது இருபத்திரண்டு இருக்கும். “பூட்டினதும் நாங்க கதவைத் தட்டினோம்க்கா. கதவுக்கு அடியில யாரோ நிக்கிற நிழல் தெரிஞ்சுது. நீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நாங்க தட்டினது கேட்டுச்சா?” என்றார். நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கேட்டது. கதவு அதிர்ந்தால் எட்டு விநாடியில் படம் கலங்கிவிடும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. கதவருகே போய், “கொஞ்சம் தட்டாம இருங்கம்மா, படம் எடுக்குறேன்” என்றேன். உள்ளிருந்து ஒருவர், “சரிக்கா” என்றார். தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஷட்டரைத் திறந்தேன்.

இந்தக் கடைசிப் பகுதி தேவையா என்று விசாரணை அதிகாரி கேட்டார், இருக்கட்டும் என்றேன். இதில் உள்ளது எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, முழுக்க எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் என்னை மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. ஒரு சொல்லும் மாற்றுவதற்கில்லை, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
விசாரணை அதிகாரி