எதிரணிக்குப் போகிற பந்து வீச்சாளர்

"எங்கடை முதல் ஓவர் போடுறவனைக் குடுத்திட்டு ஒரு விக்கெட் கீப்பரை வாங்கிறதோ அண்ணை?"

ஜெர்மனியின் கொலோன் நகர டிராமில் என் முன் இருக்கையில் இரண்டு பேர். காலடியில் கிரிக்கெட் பை.

"அகதி வழக்கு முடியுமட்டும் அவன் தன்ரை மாவட்டத்தை விட்டு வெளிக்கிடேலாது, தம்பி. போன ஞாயிறும் எங்களுக்காகக் களவா வந்து பொலிசிட்டப் பிடிபட்டவன். அவன் இருக்கிற ஊர்க் கழகத்துக்குக் குடுத்தா, பயமில்லாமல் விளையாடுவான்."

"பத்தொன்பது வயசு. அவனைப்போல ஒருத்தன் இனிக் கிடைப்பானோ? அவனிட்டக் கேட்டனீங்களோ?"

"ஓம், போன் எடுத்துக் கேட்டனான். 'நீங்கள் இஞ்ச விளையாட வந்தா, உங்களுக்கு எதிராவோ அண்ணை நான் போடுறது?' எண்டு கேட்டான்."

"என்ன சொன்னனீங்கள்?"

மூத்தவர் பையின் வாரைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"வேகமாப் போடு எண்டன்."