பெட்டி பிரிக்காத பெட்ரோல் குழாய்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஆகஸ்ட் மாதம். அயோவாவில், இரும்புப் பாலத்தைத் தாண்டி வடக்கே போகிற சரளைக்கல் சாலை. இரண்டு பக்கமும் மக்காச்சோளம்... ஆளை விழுங்குகிற உயரம். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார், ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

கிட்ட வந்து உட்காருங்கள். அதோ, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பீர் குடிக்கிறானே டேல், அவனுடைய அக்கா மார்லிஸுக்கு நடந்தது இது. நடக்க வைத்த புண்ணியவான் அவள் புருஷன் ரோலண்ட்.

"அந்தாளைப் போய்ப் புண்ணியவான்னு சொல்றீங்களே. பீர் தொண்டையில இறங்க மாட்டேங்குது," என்கிறான் டேல்.

சரி, மடையன் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த மடையன், ஆர்வில் என்கிற விவசாயி செத்த பிறகு அவர் வீட்டு ஏலத்தில் ஒரு கார் எடுத்தான். அறுபத்தாறாம் வருஷத்து மாடல், சிவப்பு, கூரையை மடக்கலாம். ஆர்வில் அதில் தினம் கடைக்குப் போய் வந்தவர். இன்றைய பெட்ரோலுக்கு என்றே வருகிற தடித்த கறுப்புக் குழாயைப் பானட்டுக்குள் மாட்டியிருந்தார். பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது.

இன்றைய பெட்ரோல் என்றால் என்ன? நம் காட்டுச் சோளத்தில் காய்ச்சின சாராயத்தைக் கலந்ததுதானே. அது பழைய ரப்பரில் பட்டால் ரப்பர் பிசினாகிவிடும். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். ரோலண்டுக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் பழைய கார் கண்காட்சியில் நடுவர் டார்ச் அடித்து, குழாய்மேல் கம்பெனி அச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாரே... இல்லாவிட்டால் ஒரு மார்க் போய்விடுமே. அந்த ஒரு மார்க்குக்காக நல்ல குழாயைப் பிடுங்கி எறிந்தான். அறுபத்தாறில் செய்து, பெட்டி பிரிக்காமல் எவன் கடைப் பரணிலோ கிடந்த குழாயைத் தேடிப் பிடித்து மாட்டினான். கேட்டால், புத்தம் புதுசாம். பெட்டிக்குள்ளேயே கிடந்தால் கிழவி குமரியாகிவிடுவாளா?

அன்றைக்குக் கண்காட்சியில் அவனுக்கு நீல ரிப்பன். முதல் பரிசு. தலை கால் புரியவில்லை. திரும்பும்போது தார்ச்சாலையில் பால வேலை. சுற்றுப்பாதையாகத்தான் இந்தச் சரளைக்கல் சாலை. கல் தெறித்துப் பெயிண்டில் பட்டுவிடும் என்று ஆமை வேகத்தில் ஓட்டினான். கூரை மடக்கியிருந்தது. பக்கத்தில் மார்லிஸ், முழங்கால் ஆபரேஷன் ஆன வலது காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரோலண்ட், பெட்ரோல் நாத்தம் தாங்கல. நிறுத்திப் பாரேன்."

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். அதான் அதோட சென்ட்டு."

"எனக்குக் கண்ணு எரியுது."

"உனக்கு எதுலதான் எரியல? ரிப்பன் வாங்கியிருக்கேன், வாயத் திறந்து ஒரு வார்த்தை நல்லா சொன்னியா நீ?"

மார்லிஸ் வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருஷமாக இப்படி மூடிப் பழகியவள்.

டங்... ஒரு கல், எங்கேயோ பட்டது. அவ்வளவுதான், பதறிப்போய் வண்டியை நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. பெண்டாட்டி நாற்றம் என்று சொன்னதற்கு நிறுத்தாதவன், ஒரு கூழாங்கல்லுக்கு நிறுத்தினான்! டார்ச்சை எடுத்துக்கொண்டு தன் பக்கத்துச் சக்கரத்தருகே மண்டியிட்டு, கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தான்.

சோளக்காட்டில் காற்றில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. மார்லிஸுக்குப் பானட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. சொட்... ஸ்ஸ்ஸ். சொட்... ஸ்ஸ்ஸ். சூட்டு இரும்பில் ஏதோ விழுந்து விழுந்து ஆவியாகிற சத்தம்.

"ரோலண்ட்..." என்றாள்.

"சும்மா இரு! பார்த்துட்டிருக்கேன்ல."

புஸ்ஸென்று பானட் இடுக்கெல்லாம் நீலமாக வெளிச்சம் வந்தது. பிறகு மஞ்சள்.

ரோலண்ட் என்ன செய்தான் தெரியுமா? எழுந்தான். ஓடினான். பெண்டாட்டி பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். சாலையோரப் பள்ளத்தில் நின்றுகொண்டு, "ஐயோ என் வண்டி! என் வண்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். தூ!

மார்லிஸ் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. கால் மடங்கவில்லை, எழவும் முடியவில்லை. புகை மூக்கில் ஏறியது. தலைமுடி கருகுகிற வாசனை அவளுக்கே அடித்தது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இருட்டிலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஆம்பளைக் கை. காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. ஒரே இழுப்பு... கதவுக்கு மேலாகவே தூக்கிச் சோளக்காட்டுக்குள் போட்டது. விழுந்தவளை எழுப்பி, விடாமல் இழுத்துக்கொண்டு போனது. சோளத்தோகை முகத்தில் அறைந்தது. காலில் உயிர் போகிற வலி.

"போதும் ரோலண்ட்! கால் வலிக்குது... மெதுவா!"

பதில் இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை. தோகை சரசரப்பது அவளுடைய நடைக்கு மட்டும்தான். முன்னால் போகிறவருக்குச் சத்தமே இல்லை. சரி, கோபத்தில் இருக்கிறான் போல என்று நினைத்தாள், பாவம்.

அந்த நேரத்தில் வெகு தூரத்தில், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "ஐயோ என் வண்டி..."

ரோலண்டின் குரல்.

மார்லிஸ் கையை உதறிப் பார்த்தாள். பிடி இன்னும் இறுகியது. டம்மென்று டேங்க் வெடித்தது. காடெல்லாம் பகலாகி அணைந்தது. மணிக்கட்டில் பிடி விட்டது. எரிகிற வண்டி வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தாள்... சோளம். நாலா பக்கமும் சோளம்தான். அவள் வந்த வழியில் ஒரே ஒரு ஆள் நடந்த தடம்.

அப்புறம் தீயணைப்பு வண்டி வந்தது, ஆஸ்பத்திரி, எல்லாம் ஆயிற்று. நம் வீரர் சும்மா இருந்தாரா? ஊரிலுள்ள காபிக் கடை ஒன்று விடாமல் போய் உட்கார்ந்து, "நெருப்புக்குள்ள பாஞ்சு நான்தான் அவள இழுத்துப் போட்டேன்" என்று அளந்தார். கேட்டவர்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். மார்லிஸ் மறுக்கவில்லை. மறுத்தால், பிறகு யார் என்று கேட்பார்களே. அதற்கு அவள் என்ன சொல்வாள்?

அடுத்த வாரம் ஆர்விலின் மனைவி வெர்னா பார்க்க வந்தார். துக்கமோ நோயோ, சமைத்து எடுத்துக்கொண்டு போவதுதானே நம் ஊர் வழக்கம். கோழியும் நூடுல்ஸும் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய. ரோலண்ட் வீட்டில் இல்லை. அந்தக் கிழவியிடம்தான் மார்லிஸ் முதல்முதலாக வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எந்த இடம் கண்ணு அது?" என்று கேட்டார் வெர்னா.

"பாலம் தாண்டி, கிழக்குப் பக்கக் காடு."

"அது எங்க நிலம்தான்." நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "உன் புருஷன் கையா இருக்காதுன்னு எப்படிச் சொல்றே?"

"அவன் மோதிரமே போட மாட்டான், பெயிண்ட்ல கீறல் விழுந்துடுமாம். அந்தக் கையில மோதிரம் இருந்துச்சு. இதோ பாருங்க, அழுத்தின தடம்." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "இடது கை. கல்யாண மோதிரம்தான்."

வெர்னா அந்தத் தடத்தைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல," என்றார். "கதிர் ஒடிக்கிற மெஷின் ஆர்விலோட இடது கையை வாங்கிடுச்சு. மோதிரத்தைக் கழட்டப் பாத்தேன், வரல. அப்படியே அந்தக் காட்டு ஓரத்துல புதைச்சோம் கண்ணு. மீதி ஆர்வில்தான் சர்ச்சுக்குப் பின்னால படுத்திருக்காரு."